மைப்படி

கவுஞ்சியில், பூண்டுக் கொட்டகைக்குப் பின்னால் கிடந்தான்.
"சிலையா? அரிவா தீட்டுற கல்லுங்க அது" என்றார் குழந்தைவேல்.
"எங்கப்பன் தீட்டினாரு. அவுங்கப்பனும்."

பாசியைத் தேங்காய்நாரால் தேய்க்கத் தேய்க்க
முதலில் முழங்கால், பிறகு கச்சை,
பிறகு ஒரு கை
தன் குடுமியைத் தானே பிடித்து மேலே இழுத்தபடி.
மறு கையில் வாள்.
வாள் கழுத்துக்குள் பாதி போயிருந்தது.
முகத்தில் வலி இல்லை.
கடைசிப் பேருந்துக்குக் காத்திருப்பவன் முகம்.

எழுத்து ஒன்றரை வரி.
யார் பிழைக்க, எந்தப் படை வெல்ல,
எந்தக் கொற்றவைக்கு நேர்ந்துகொண்டான் என்பதை
அரிவாள்கள் தின்றுவிட்டன.
தின்றது போதாமல் கழுத்துவரை வந்திருந்தன.
சிற்பி பாதியில் நிறுத்திய வெட்டை
பீன்ஸ் கொடிக்கும் மாட்டுப் புல்லுக்குமாய்
நாலைந்து தலைமுறை
கொஞ்சம் கொஞ்சமாக முடித்துக்கொண்டிருந்தது.

அவளைக் கடைசியில்தான் பார்த்தேன்.
காலடியில், சாண் உயரத்தில், குந்தியிருந்த பேய்.
வற்றித் தொங்கும் முலை. எண்ணிவிடக்கூடிய விலா.
காதுத் துளைக்குள் ஓர் ஆந்தை,
அதற்கும் இரண்டு கண் வைத்திருந்தான் பாவி.
மடியில் பானை.

சமவெளியில் இவளுடைய அக்காமார்களுக்கு
களம் முழுக்க அடுப்பு.
யானைத் தலைகளைக் கூட்டி உலையேற்றி,
உப்புப் பார்த்து, பந்தி வைத்து,
நொண்டிப் பேய்க்கு இன்னொரு அகப்பை ஊற்றி,
வென்ற அரசனை வாழ்த்திக் குடித்தார்கள்.
பக்கத்தில் நின்று பார்த்ததுபோலப் புலவர்கள் பாடினார்கள்.
இவளுக்கு மலை.
இவளுக்கு ஒரே ஒருவன்.
அவனும் எண்ணூறு வருஷமாய்
பாதி வெட்டில் நிற்கிறான்.

தாளை நனைத்து ஒட்டினேன்.
தூரிகையால் தட்டி, மை ஒற்றி, உரித்தேன்.
மன்னவனூர் விடுதியில்
சன்னல் கம்பிக்கும் கதவுத் தாழுக்கும் கயிறு கட்டி
ஈரத்தோடு தொங்கவிட்டேன்.
சன்னல் சந்தில் மூடுபனி வந்து வந்து பார்த்தது.
சப்பாத்திப் பொட்டலத்தைப் பிரித்தபோது முதுகு கூசிற்று,
பசித்த வீட்டு வாசலில் நின்று தின்பதுபோல.
"கல்லுக்கு ஏது வயிறு"
சத்தமாகவே சொன்னேன்.
சொன்ன பிறகு தின்ன முடியவில்லை.

காலையில் மை கசிந்திருந்தது.
கழுத்திலிருந்து ஒரே கோடு.
மார்பில் திரும்பவில்லை, கச்சையில் தயங்கவில்லை,
நேராகப் பானைக்குள்.
பானை நிறைந்து, விளிம்பு தாண்டி
அவள் வாயோரம் ஒரு சொட்டுக் கறுப்பு.

"ஈரத்தால் பழுது, மறுபடி எடுக்கணும் சார்."
"மலையில அப்படித்தான் ஆகும்" என்றார் லூர்துநாதன்,
திண்டுக்கல் வெயிலிலிருந்து.

நான் போனபோது
குழந்தைவேல் தீட்டிக்கொண்டிருந்தார்.
சரக். சரக்.
"நேத்துதானே சொன்னேன், தீட்டாதீங்கன்னு."
"வலிச்சா அவனே சொல்லியிருப்பான்ல" என்று
கட்டை விரலில் கூர் பார்த்துச் சிரித்தார்.

அவர் பீன்ஸ் காட்டுக்குள் இறங்கிய பிறகு
பானைக் குழியில் விரலை விட்டேன்.
ஈரம்.
பனித்தண்ணீர் என்று குறிப்பேட்டில் எழுதினேன்.
விரலை முகர்ந்து பார்க்கவில்லை.