எடைப்பாலத்தில் ஏழாம் இலக்கம்

இந்த ஊரில் சமதளம் தேடுவது வேலை.
லா ஷோ-த்-ஃபோன்: மலைச்சரிவில்
கோடுபோட்ட கொப்பியை விரித்ததுபோல் தெருக்கள்.
நிறுத்திய கார்கள் எல்லாம்
ஒரு பக்கமாய்ச் சாய்ந்து காது கொடுக்கின்றன.

ஏழாம் இலக்கக் குப்பை லொறி
இரண்டாம் கியருக்கு மாறும்போது தும்முகிறதாம்.
அடெலினோ வந்து சொன்னான்.
ஏறிப் பார்த்தேன். தும்மல் இல்லை, வழுக்கல்.
எஞ்சின் கத்துகிறது, சில்லுக்குக் கேட்கவில்லை.
ஆஸ்பத்திரி ஏற்றத்தில், எட்டுத் தொன் கறுப்புப் பைகளோடு
ஒரு கணம் எதுவுமில்லை,
பிறகு இடுப்பில் உதைத்ததுபோல் பிடிக்கிறது.

"ஒயில் குறைவு. விட்டேன்."
எப்போது?
"விடிய, ஓட முன்னம்."
எவ்வளவு?
அவன் தன் கையுறையைப் பார்த்தான்.
"கொஞ்சம்."
போர்த்துக்கீசில் கொஞ்சத்துக்கு எத்தனை லீட்டர் என்று
நான் கேட்கவில்லை.

குப்பையைக் கொட்டிவிட்டு
லு லோக்ள் வரை போய் வந்தோம், சூடேற.
குளிர்ந்த கியர்பொக்ஸ் பொய் சொல்வதில்லை;
கேட்டதற்கு மட்டும்
சுருக்கமாய்ப் பதில் சொல்லும்.
முள் எண்பது பாகைக்கு வந்ததும் திரும்பினோம்.

இனி எங்கே நிறுத்துவது?
டிப்போ முற்றம் தெற்கே சரியும்.
கழுவும் கொட்டில் வடிகாலுக்குச் சரியும்.
மிச்சம் எடைப்பாலம் ஒன்றுதான்,
சட்டத்துக்குப் பயந்து மட்டமாய்க் கிடக்கும் இரும்பு.
கண்ணாடிக் கூண்டுக்குள் மடாம் வுய்மியே
மணிக்கூட்டைக் காட்டினார்.
பத்து நிமிடம் என்று விரல்களை விரித்தேன்.

கைப்பிரேக். சில்லுக்குக் கட்டை.
முன்னுக்கு ஒருமுறை, பின்னுக்கு ஒருமுறை,
பிறகு நடுவில் விட்டேன்.
எஞ்சின் நிதானமாய் முனகட்டும், நிறுத்தக்கூடாது.
நூல் உதிராத துணி.
கோலை உருவி, துடைத்து, அடிவரை செருகி,
மறுபடி உருவினேன்.

நுரை.
மேற்கோட்டைத் தாண்டி நாலு விரல், சிவப்பு நுரை.
பால் கலந்த ரோஸ் நிறமோ என்று
நெஞ்சு ஒருமுறை நின்றது. தண்ணீர் புகுந்திருந்தால்
கியர்பொக்ஸ் முழுதும் கழற்ற வேண்டும்.
விரலில் தேய்த்தேன், முகர்ந்தேன்.
தண்ணீர் இல்லை. கருகல் இல்லை.
வெறும் காற்று.
நிரம்பி வழிந்ததைச் சக்கரங்கள் கடைந்திருக்கின்றன,
காற்றைப் பிடித்து ஏற்றத்தில் ஏறப் பார்த்திருக்கின்றன.

அடெலினோ கோலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
முதல்நாள் குளிருக்கு வண்டி சற்றுத் தயங்கியதாம்.
இறக்கத்தில் மூக்கை நீட்டி நின்றபடி கோலைப் பார்த்தானாம்,
காய்ந்திருந்ததாம்.
மறுநாளும். அதற்கு மறுநாளும்.
பயந்தவன் விட்டுக்கொண்டேதான் இருப்பான்.
அமிர்தம், நஞ்சு என்றொரு பழமொழி நாக்குவரை வந்தது.
பிரெஞ்சில் அது கிறிஸ்தவப் பிரசங்கம்போல் ஒலிக்கும்.
விழுங்கிவிட்டேன்.

கைப்பம்பு, மெல்லிய குழாய், வெட்டிய ஜூஸ் போத்தல்.
இழுக்க இழுக்க
மாதுளைச் சாறுபோல் வந்தது.
ஒன்று. ஒன்றரை. பொறு, நுரை அடங்கட்டும். கோல்.
இன்னும் அரை. கோல்.
பின்னால் கண்ணாடி ஏற்றிய லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான்.
இரண்டே முக்காலில் நிறுத்தினேன்.
இரண்டு கோட்டுக்கும் நடுவே தெளிந்த சிவப்பு.
இரண்டாம் தரமும் அதே இடம்.
ஒரே பதிலை இரண்டுதரம் சொன்னால்தான்
கோலை நம்புவது.

எடைப்பாலத்தின் பச்சை எண்
வரும்போது பதினையாயிரத்து எழுநூற்று நாற்பது.
இப்போதும் அதுதான்.
இருபது கிலோவுக்குக் கீழே
தராசுக்கு உலகம் இல்லை.

படிவத்தில் 'செய்த வேலை' என்ற கட்டம் நிரம்பியது.
அடுத்தது 'காரணம்'.
அடெலினோவின் பரீட்சைக் காலம் வெள்ளியோடு முடிகிறது.
அவன் கதவடியில் நின்று
சுத்தமான கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.
'சரிவு' என்று எழுதினேன்.
ஊரறிந்த உண்மை, யாரும் மறுக்க முடியாது.

பழக்கதோஷத்தில் மடாம் வுய்மியே
எடைச்சீட்டை அச்சடித்து நீட்டினார்.
அடெலினோ அதை நாலாய் மடித்துச்
சட்டைப் பையில் வைத்தான்.
லொறி ஏற்றத்தில் ஏறியது.
முதல் கியர்.
காதை நீட்டிக்கொண்டு நின்றேன்.
இரண்டாவது எப்போது விழுந்ததென்று தெரியவில்லை.