பதினோராம் பொறி

குளிர்ப்பெட்டியில், மீன் ரின்னுக்கும் ஐஸ் தட்டுக்கும் நடுவே
வெள்ளித்தாள் பொதியில் கிடக்கிறார்கள் பெண்கள்.
ஒரு பொதிக்குப் பத்துப் பேர்.
பிரித்தால் சாம்பல் நிற இறப்பர்த் துண்டு,
சுண்டுவிரல் நகமளவு.
என் மூக்குக்கு அதில் ஒன்றுமில்லை.
இறப்பர் மணக்கிறது, அவ்வளவுதான்.

சீனக்குடாவில் எங்கள் மாக் களஞ்சியம்.
தகரக் கூரை, உப்புக்காற்று தின்ற ஆணிகள்,
இருபத்தாறு பொறிகள்.
மட்டையை முக்கோணமாய் மடித்து
அடியில் பசை, முகட்டில் அவள்.
அந்து வரும். ஆண் அந்து மட்டும்.
செட்டை முளைத்தபின் அது ஒரு வாய் தின்னாது;
தின்றதெல்லாம் புழுவாய்க் கிடந்தபோது.
மிச்சமிருக்கிற கொஞ்ச நாளுக்கு
ஒரே ஒரு வேலை.

மாவில் பிறந்தது, சோளத்தில் பிறந்தது,
கச்சானில் பிறந்தது, முந்திரிகை வற்றலில் பிறந்தது:
நாலு சாதிக்கும் ஒரே வாசம் போதுமாம்,
பயிற்சி வகுப்பில் சொன்னார்கள்.
நாலும் ஒருத்தியை நம்பி ஒரே பசையில்.
மதியச் சாப்பாட்டுக்கு
எங்களுக்கு மூன்று மேசை.

திங்கள்தோறும் எண்ணுவேன்,
பேனை நுனியால் ஒவ்வொன்றாய்த் தொட்டு.
செட்டை மட்டும் ஒட்டியிருந்தாலும் ஒன்று.
ஏழாம் பொறி, இரண்டு.
எட்டு, வெறுமை.
பதினொன்று, ரவை மூடைகளுக்குப் பின்னால்,
இருபத்திமூன்று.

விமலதாசன் சேர் கண்ணாடியைக் கழற்றினார்.
"வியாழன் கொழும்பிலயிருந்து ஆள் வருது, பிள்ளை.
இருபத்திமூண்டில முன்னுக்கு நிக்கிறதை எடுத்துவிடும்.
மூண்டும் நல்ல எண்தானே."
இருபது பேர் பறந்து போனார்கள்.
அவர் கையால் அல்ல, என் பேனையால்.
பசை மட்டை, இறப்பர், எல்லாம் புதிதாய் மாற்றச் சொன்னார்.

கையுறைப் பெட்டி செவ்வாயோடு முடிந்திருந்தது.
எழுதிக் கேட்டால் மாத முடிவில் வரும்.
வெறுங்கையால் பிரித்தேன்,
வெறுங்கையால் கட்டினேன் இருபத்தாறையும்,
வலது சட்டைக் கையில் விரல்களைத் துடைத்தேன்.
வேண்டுமென்றா செய்தாய் என்று பிறகு கேட்டார்கள்.
கையுறை இல்லை என்றேன்.
அது உண்மை.

ஆள் பத்து மணிக்கு வரவேண்டியது.
ஹபரணைக்கு இங்கால் ஆனை ரோட்டில் நின்றதாம்,
குட்டியோடு, அசையாமல்.
பிறகு கந்தளாயில் சோறு. பிறகு ரயர்.
வந்திறங்கும்போது மகரிப் பாங்கு கேட்டது.
அந்துகள் எழும்புகிற நேரம் அது;
நாலரைக்கு வீட்டுக்குப் போகிற சேருக்கு
அது தெரிய நியாயமில்லை.

நெடிய பெண். சப்பாத்துக்கு நீல உறை.
நின்றபடியே கோப்பை விரித்தார்.
பதினோராம் பொறி: மூன்று.
விரலை அதில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

மூடை அடுக்கின் பின்னாலிருந்து ஒன்று வந்தது.
நேராய் அல்ல, இடமும் வலமுமாய்க்
காற்றுக்குத் தையல் போட்டுக்கொண்டு.
என் சட்டைக் கையில் இறங்கிச்
செட்டையை விசிறியது, மாப்பிள்ளைத் தோரணையில்.
இன்னொன்று.
பிறகு நாலு ஒன்றாய்.
ருவன் ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.
சேர் இருமினார்.
"கடல் பக்கத்தால வாறது, மிஸ்."

நான் கையை உதறவில்லை.
நீட்டிப் பிடித்தேன்,
இரத்தம் எடுக்கக் கொடுப்பதுபோல.
அவர் உதடு மட்டும் அசைந்தது.
எண்ணிக்கொண்டிருந்தார்.
பதினாறில் பேனையைத் திறந்தார்.

எட்டே முக்கால் பஸ்ஸிலும் ஒன்று இருந்தது,
கைப்பொத்தானுக்குப் பக்கத்தில்.
வேலை இருக்குமா என்று திங்கள்தான் தெரியும்.
அதற்கோ திங்கள் என்று ஒன்று
வருமோ வராதோ.
செட்டையை விசிறுவதும் ஓய்வதுமாய்
பாலையூற்று மட்டும் கூடவே வந்தது.
நான் அவளில்லை என்று
எந்தப் பாஷையில் சொல்ல?
யன்னலைப் பாதி சாத்தினேன்,
காற்றடிக்காமல்.