தயாரித்தவர் முத்திரை (இருப்பின்)

சோழவந்தானிலிருந்து
கல்யாண ஃபிளெக்ஸில் சுற்றி வந்தது வாள்.
மணமகளின் ஒரு காது மட்டும் வெளியே தெரிந்தது.
ஏட்டம்மா அமலோற்பவம் மேசையில் இறக்கினார்:
"நூறு வருசத்துக்கு மேலன்னா உங்களுக்கு,
கீழன்னா எங்களுக்கு.
ஏதாவது ஒண்ணு எழுதிக் குடுத்திருங்க மேடம்."

குலசாமி பெட்டியில் கிடந்தது என்கிறாராம் சங்கையா.
வெட்டுப்பட்ட தோள் வேறு கதை சொல்கிறதாம்.

மதுரையில் எனக்கு வாள் காட்டுகிறவர்கள்
முதலில் மீனைத்தான் காட்டுவார்கள்.
போன வாரம் பொறித்த மீனுக்கும்
செதில் செதிலாகத் துரு ஏற்றத் தெரிந்த கைகள்
விளக்குத்தூண் பக்கம் உண்டு:
புளி, உப்பு, ஈரச் சாக்கு.
இதில் மீன் இல்லை.
அதனால்தான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

மண்ணெண்ணெய். பழைய பல் பிரஷ்.
ஜன்னலைச் சாத்தி
செல்போன் வெளிச்சத்தைப் படுக்கப் போட்டால்
கைப்பிடிக்கு நாலு விரற்கடை தள்ளி
இரண்டு அரிவாள் வளைவு,
முதுகெல்லாம் பல் பல்லாய்க் கோடு,
இமை மயிர் மாதிரி.

கடலுக்கு அப்பால்
ஜெனோவாக்காரர்கள் அடித்த குறி.
முறியாத இரும்பு என்று பேர் வாங்கியதும்
கப்பல் நின்ற கரையெல்லாம்
கொல்லர்கள் தங்கள் இரும்பிலும் அடித்துக்கொண்டார்கள்.
குறி மூத்தது. வாள் இளையது.
எவ்வளவு இளையது என்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பல்லை எண்ணினேன்.
இடப்பக்கம் பதினொன்று.
வலப்பக்கம் ஒன்பது; பத்தாவதுக்கு இடம் போதாமல்
மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது.
அச்சு இல்லாமல் உளியால் ஒவ்வொன்றாக வெட்டியிருக்கிறான்.
அரிவாள் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.
கண் என்று நினைத்து
இரண்டுக்கும் கருமணி வைத்திருக்கிறான்.

எந்த வாளிலும் நான் பார்த்ததில்லை அந்தக் கருமணியை.

பாளையக்காரர் காலமா, அதற்கும் முந்தியா,
லாரிப் பட்டையை அடித்ததா?
பட்டையில் இந்த நீரோட்டம் வராது.
முந்நூறு என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.
இருநூறும் பொருந்தியது. நானூறும்.

நீரோட்டத்தை இன்னும் பார்க்கிற ஆசையில்
வாளைத் திருப்பிப் போட்டு
அசிட்டோன் பஞ்சை ஓட்டினேன்.
மறுபக்கம் வெள்ளை எனாமலில்
கு.எண் 214, சாய்கோடு, ஒன்பது,
அப்புறம் ஒரு சுழி.
அந்த வாளிலேயே ஆண்டு எழுதியிருந்த ஒரே இடம்.
சுழி கரைந்து
பஞ்சில் பாலாய் இறங்கியது.

ஏட்டம்மா கத்தவில்லை.
"ஆறா, எட்டா? பாத்தீங்களா?"
நான் பார்க்கவில்லை. கருமணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஸ்டேஷனில் போனை யாரும் எடுக்கவில்லை.

கைப்பையைத் துழாவி
மகளின் நகப்பூச்சை எடுத்தார்.
நாக்கு நுனியைக் கடித்தபடி
ஆறு போட்டார்; வால் நீண்டுவிட்டது.
எனாமல் வெள்ளை, ஆறு மட்டும் ரோஸ்.
"இதான் இருந்துச்சு" என்றார்,
வாளிடம் சொல்வதுபோல.

படிவத்தில் 'காலம்' என்ற கட்டம் இன்னும் காலி.
எழுந்து போய்
விசிறியை ஐந்தில் வைத்தேன்.