குறிப்புப் பத்தி

மண்டபத்தில் படகு ஏறும்போதும்
இன்னாசி என் முகத்தைப் பார்க்கவில்லை.
பழைய எஞ்சினை விற்ற காசில்
எனக்கு வரவேண்டிய பதினோராயிரம்
மூன்று மாதமாக எங்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறது,
டீக்கடை பெஞ்சில் நகர மறுக்கும் ஆள் மாதிரி.

ஆனாலும் சிலிண்டர் வால்வைத் திறந்து பார்ப்பது
அவனுக்கு நான், எனக்கு அவன்.
தண்ணிக்குள் இறங்குகிறவனின் முதுகு
அடுத்தவன் பொறுப்பு.

மனோலித் தீவுக்குத் தெற்கே, மூன்றரை மீட்டர்.
நாடாவை விரித்தோம்.
சித்திரை வெயில் பாருக்குள்ளும் இறங்கிவிட்டது;
குளித்து மிஞ்சிய வெந்நீர் போலக் கிடக்கிறது கடல்.
நாடாவுக்குக் கீழே வருவதை எழுத வேண்டும்:
மான்கொம்பு, உயிர்.
மான்கொம்பு, வெளுப்பு.
மான்கொம்பு, வெளுப்பு.
மணல்.
மூளைப் பவளம், பாதி.
பாதி என்று எழுதக் கட்டம் இல்லை.

வெளுத்ததெல்லாம் செத்தது இல்லை என்று
பயிற்சியில் சொன்னார்கள்.
உள்ளே குடியிருந்த பாசி வெளியேறிவிட்டதாம்,
சூடு தணிந்தால் திரும்பலாமாம்.
எத்தனை நாளைக்குள் என்பதை மட்டும்
யாரும் சொல்லவில்லை.

ஒரு கிளிமீன் வந்து கல்லைக் கடித்தது.
அப்பளம் நொறுங்கும் சத்தம்,
காதுக்குள்ளேயே.
தின்றதைப் பின்னால் மணலாகத் தூவிவிட்டுப் போனது.
மதியம் நாங்கள் உட்கார்ந்து சோறு தின்னும்
வெள்ளை மணலில் பாதி இந்தப் பயல் கழித்ததுதான்.

பதினாலாம் மீட்டரில் இன்னாசி கையசைத்தான்.
பெரிய கல்லின் நிழல் விழுந்த பக்கம்
விரல்நுனி அளவுக்கு ஒரு பழுப்பு,
வெளுக்காதது.
ஒற்றை வண்ணாத்தி அதைச் சுற்றிச் சுற்றி.
இரண்டு விரலைச் சேர்த்து வட்டம் காட்டினான்,
என்னைக் கேட்டானா, பவளத்தைச் சொன்னானா,
தெரியவில்லை. நானும் காட்டினேன்.
காற்று?
எனக்கு ஐம்பது. அவனுக்கு நாற்பது.
ஏறினோம்.

படகில் அவன் சிலேட்டை வாங்கிக்
கணக்கைப் பேரேட்டில் ஏற்றினேன்.
கடைசியில் குறிப்புப் பத்தி:
'சின்னது 1. உயிர் இருக்கு.
வைகாசிக்குள்ள தந்துர்றேன்.'
கடலுக்கடியில் அழுத்தி எழுதிய பென்சில்.

முதல் வரியைப் பதிந்தேன்.
இரண்டாவதைத் தேய்க்க மணலைத் தொட்ட விரல்
கொஞ்ச நேரம் சும்மா இருந்தது.
அவன் அந்தப் பக்கம் திரும்பி நின்று
நாடாவைச் சுருட்டினான்,
இருபது மீட்டர் நாடா,
இருநூறு மீட்டர் இருப்பதுபோல.

"டீ ஆறுது" என்றேன்.
ஃபிளாஸ்க்குக்கு ஒரே மூடி.