இரண்டாம் கேட்

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில்
டாக்டரம்மா நாலு புள்ளி வைத்து
நடுவில் ஒன்று வைத்தார்.
இது சல்பேட், உடம்புக்கு வேண்டியது,
செல்லின் சுவரில் இதற்கென்றே ஒரு வாசல் உண்டு.
பக்கத்தில் மறுபடியும் நாலு புள்ளி, நடுவில் ஒன்று.
இது குரோமேட்.
வித்தியாசம் தெரிகிறதா?
தெரியவில்லை என்றேன்.
வாசலுக்கும் தெரியாது என்றார்.

ராணிப்பேட்டையில் இருபத்திரண்டு வருஷம்
இரண்டாம் கேட்டில் நின்றவன் நான்.
லாரி நம்பர், வந்த நேரம், கையெழுத்து.
சட்டைப்பை தடவித் தீப்பெட்டியை எடுத்து வைப்பேன்.
மஞ்சள் மட்டும் என்னைக் கேட்காமல் போய் வரும்
காக்கியின் கக்கத்தில், சோற்று டப்பா மூடியில்.
மழை விட்ட மறுநாள்
காம்பவுண்டுச் சுவரடியில் எலுமிச்சை நிறத்தில் பூத்திருக்கும்.
என் மூக்குத் தண்டில் ஓட்டை விழுந்தது.
வலியே இல்லை.
ஒரு துவாரத்தில் டார்ச் அடித்தால் மறு துவாரம் எரியும்,
மூன்றாம் ஷிப்டில் காட்டிச் சிரித்திருக்கிறோம்.
பாய்லர் நடேசனுக்கு என்னுடையதைவிடப் பெரிசு.

டாக்டரம்மா நிறுத்தவில்லை.
தோல் ஷாப்பில் பார்க்கிற பச்சை வேறு,
அதை வாசல் லேசில் சேர்க்காது.
மஞ்சளாக நுழைந்தது உள்ளே போய்த்தான் பச்சையாகும்.
ஆக்குவது நெல்லிக்காயில் இருக்கிற அதே சத்து.
முறிக்கத்தான் போகிறது பாவம்;
முறிந்தது போய்
அப்பன் பாட்டன் எழுத்தில் ஒட்டிக்கொள்கிறது.
பச்சைக்கு வெளியே வர வழி கிடையாது.
செல் இரண்டாகும்போது எழுத்து பிசகும்.

நான் பேனாவைப் பார்க்கவில்லை.
தசரதன் கார்டை நீட்டிக்கொண்டு
அவன் தம்பி கஜபதி நின்ற காலையைப் பார்த்தேன்.
அண்ணனுக்குக் காய்ச்சல், கூலி போய்விடும்.
அதே நெற்றி, அதே மடங்கின காது.
பதினாலு வயசு என்று எனக்குத் தெரியும்.
வாசலுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.
தசரதன், 5.55 என்று எழுதினேன்.

அன்றே அவனைக் கசடுத் தொட்டியில் இறக்கினார்கள்.
நல்ல வேலைக்காரன் என்று
பிறகு அவன் பேரிலேயே கார்டு வந்தது,
வயசு பதினெட்டு.

மாடி வார்டில் இப்போது நாலாவது கட்டில் அவனுக்கு.
கீழே நின்றிருந்த தசரதன்
தன் பாஸை என் கையில் திணித்தான்,
நீங்க போய்ப் பாருங்க, என்னால முடியல.
செக்யூரிட்டிப் பையன் பாஸைப் பார்த்தான்,
நரைத்த என் மீசையைப் பார்த்தான்.
போங்க பெரியவரே.

உள்ளே கால் வைத்ததும்
மணி என்ன என்று பார்த்தேன்.
பழக்கம்.