மெல்லினம்

மூக்கடைத்தால் முதலில் போவது மெல்லினம்.
நான் என்று தொடங்கினால்
தான் என்று வருகிறது.
மருந்து, பருத்து.
நவநீதன் என்று கணவனைக் கூப்பிட்டேன்.
"ஆரது தவதீதன்?" என்று
மேல்மாடியிலிருந்து சிரித்தான்.

தொலைபேசி மொழிபெயர்ப்பாளருக்கு
இதில் சிரிக்க ஒன்றுமில்லை.
வினிப்பெக்கில் ஒரு பேஸ்மென்ட்.
துணி காயவைக்கும் மெஷினுக்கும்
சுடுகாற்று உலைக்கும் நடுவே என் மேசை.
மூன்றாவது மணிக்குள் எடுக்க வேண்டும்.
"பேசுவது மொழிபெயர்ப்பாளர் நாலு நாலு ஒன்று ஏழு."
அதில் மூக்கெழுத்து நான்கு.
எண்ண வேண்டிய நிலை வந்ததால் எண்ணினேன்.

ஒக்டோபரில் ஒரு சாதாரணத் தடிமன்.
பதினொரு டொலருக்குப் பெருவிரல் அளவு குப்பி.
ஒரு பீச்சல்.
கதவு திறந்ததுபோல் இல்லை,
சுவரே எழுந்து போனதுபோல்.
என் தலைக்குள் இத்தனை அறைகளா!

தடிமன் மாறியது. குப்பி மாறவில்லை.
பன்னிரண்டு மணித்தியாலம் தாங்கும் என்றது பெட்டி.
டிசம்பரில் அது ஐந்தாயிற்று,
ஜனவரியில் மூன்று.
ஒரு விவாகரத்து வழக்கின் நடுவில்
நீதிபதியைக் காக்கவைத்து
மைக்கைப் பொத்திக்கொண்டு பீச்சினேன்.
கோட்டுப் பையில் ஒன்று.
காரில் ஒன்று: அது கல்லாய் உறைந்துவிட,
கக்கத்தில் வைத்து உருக்கினேன்.
தலையணைக்கடியில் ஒன்று.
அது தட்டுப்படாமல் போனால் என்ற பயத்துக்கு
இன்னொன்று.
தந்த மூச்சை வட்டியோடு
கேட்டு வாங்கியது மூக்கு.
வட்டி கட்ட மறுபடி கடன்.

பெப்ரவரி. மைனஸ் முப்பத்தொன்று.
என்ஜின் உறையாமலிருக்கத்
தெருவில் கார்களெல்லாம்
வீட்டுச் சுவரில் வயர் செருகி நிற்கின்றன.
நானும்.

பேர்னபியிலிருந்து ஒரு டொக்டர்.
மறுமுனையில் ஒரு பெண். பெயர் சொல்ல மாட்டேன்,
சத்தியம் செய்து கொடுத்த தொழில்.
இங்கே 'அவர் சொல்கிறார்' என்பது கிடையாது.
அவள் நான் என்றால் நானும் நான்.

எவ்வளவு காலமாகப் பாவிக்கிறீர்கள், டொக்டர் கேட்டார்.
அவள் தயங்கினாள்.
தயக்கத்தை மொழிபெயர்க்க வழியில்லை.
"எட்டு மாசம். இரவிலே எழும்பி எழும்பி அடிப்பன்.
மனுசனுக்குத் தெரியாது."
ஆங்கிலத்தில் சொன்னேன்:
நான். எட்டு மாதம். இரவில் எழுந்து எழுந்து.
என் கணவருக்குத் தெரியாது.
ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.
மாதக் கணக்கு மட்டும்
என்னுடையது இல்லை.

மூன்று நாளுக்கு மேல் கூடாது என்றார்.
இப்போது அடைப்பது தடிமன் இல்லை, மருந்துதான் என்றார்.
"இப்போது அடைப்பது தடிமன் இல்லை, பருத்துதான்" என்றேன்.

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்.
பிறகு அவள்: "தங்கச்சி, உங்களுக்குமோ?"

என்னிடம் கேட்ட கேள்வியையும்
டொக்டருக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி.
சொன்னேன்.
அவர் சிரிக்கவில்லை.
"முதலில் ஒரு துவாரத்தில் நிறுத்துங்கள்,
அது திறந்த பிறகு மற்றது" என்றார்,
யாருக்கு என்று சொல்லாமல்.

இடப்பக்கத்தை விட்டேன்.
உப்புத் தண்ணீர். மூன்று தலையணை. உலையின் உறுமல்.
நாக்கு காய்ந்து அட்டையானது.
மூன்றாம் இரவு எல்லாவற்றையும் சொன்னபோது
நவநீதன் திரும்பிக்கூடப் படுக்கவில்லை:
"எனக்குத் தெரியும். இந்த வீட்டிலே
உடுப்புத் தோய்க்கிறது ஆர்?
ஒவ்வொரு பையிலும் ஒரு குப்பி."

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ,
விடிய முன்னம்,
இடப்பக்கம் நூலளவு விட்டுக் கொடுத்தது.
முதலில் வந்தது பூ வாசமில்லை,
மெஷினுக்குள் மறந்துபோன
ஈரத் துணியின் முடை.
மூக்கை வைத்து வைத்து முகர்ந்தேன்.

வலப்பக்கம் இன்னும் குப்பியோடுதான்.

மணி அடித்தது. எடுத்தேன்.
நாலு சரி. மற்ற நாலும் சரி.
ஒன்று மட்டும்
ஒற்று என்று விழுந்தது.