கூடுதல் குளியலறை

பதினேழு ஆண்டுக்குப் பின் மறுமதிப்பீடு.
மேய்ன் மாநிலத்து ஏப்ரல். சேறு அப்பிய பூட்ஸைக்
கழற்றச் சொல்கிறாள் ஓடெட் பெல்கி.

என் அட்டையில் இருப்பது பழைய வீடு:
நான்கு அறை, ஒரு குளியலறை, ஒழுகும் கூரை.
கூரை மாற்றியதற்குக் கேள்வியில்லை, அது பழுதுபார்ப்பு.
கீழ்த்தளத்தில்தான் புதுக் கதவு.
அகன்ற வாசல், சுவரெங்கும் பிடிகம்பி,
உட்கார்ந்து குளிக்க ஒரு பலகை.

"மாடி ஏற முடியலை அவரால.
ஆறு வாரம்தான் புழங்கினாரு."

டேப்பை இழுக்கிறேன். எட்டுக்கு ஆறு.
கம்பியில் இன்னும் ஒரு துண்டு,
காய்ந்து விறைத்து.

வரி எவ்வளவு ஏறும் என்று கேட்கவில்லை அவள்.
எதிர்வீட்டு லூசியன்
எனக்குப் பயந்தே வராந்தாவுக்குப்
பெயின்ட் அடிக்காததைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

குளியலறை, இரண்டு.
பென்சிலால்தான் எழுதுகிறேன்.
எத்தனை பேர் என்றொரு கட்டம்
இந்தப் படிவத்தில் இல்லை.

வாசலில் பூட்ஸ்.
சேறு இறுகிவிட்டது.